தாத்தா ஏன் பட்டாளத்துக்குப் போனார்?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எங்கள் தாத்தா நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். 1942 நவம்பரில், பத்தொன்பது வயதில், வீட்டில் சொல்லாமல் வேலூருக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். பர்மா எல்லையில் லாரி ஓட்டினார். 1946இல் திரும்பி வந்து, முடியும் வரை தனியார் பேருந்து ஓட்டினார். போரைப் பற்றி அவர் எங்களிடம் வாய் திறந்ததே இல்லை. அவருடைய சித்தப்பா மகன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்து, நேதாஜியின் படையில் சேர்ந்தவர். அவர் படம் எங்கள் கூடத்தில் மாலையோடு இருக்கிறது. தாத்தாவின் பதக்கமும் டிஸ்சார்ஜ் புத்தகமும் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. அவற்றைப் பார்த்த என் மகன், பத்தாம் வகுப்புப் படிப்பவன், 'வெள்ளையனே வெளியேறு என்று காந்தி சொன்ன வருஷத்தில் இவர் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போடப் போனாரா?' என்று கேட்கிறான். யாரையும் அதட்டிக்கூடப் பேசாத மனிதர் எதற்காகப் போருக்குப் போனார்? பசியா, அறியாமையா? மகனுக்கு நான் என்ன சொல்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் மகனின் கேள்வி நியாயமானது. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலேயே இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதைக் கண்டித்துச் சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1942 ஆகஸ்டு 8 அன்று பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. அதற்கு மூன்று மாதம் கழித்து உங்கள் தாத்தா வேலூரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இந்த வரிசையைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். அவனை அதட்டி வாயடைக்காமல் எனக்கு எழுதினீர்களே, அது நல்ல காரியம்.

ஆனால் பசியா, அறியாமையா என்று நீங்கள் கேட்கும்போது, அந்த இரண்டில் எதைத் தேர்ந்தாலும் உங்கள் தாத்தா தமக்கென்று ஒரு யோசனையும் இல்லாதவராகிவிடுகிறார். பழைய சிப்பாய்களின் காகிதங்களைப் படிப்பதும் அவர்களுடைய குடும்பத்தாரோடு பேசுவதுமே என் தொழில். அதில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று உண்டு. பட்டாளத்தில் சேரும் சாதாரண மனிதன் பெரும்பாலும் போரைப் பற்றி முடிவெடுப்பதில்லை. தன் வீட்டைப் பற்றி, தன் வயதைப் பற்றி, வரப்போகும் ஆறு மாதத்தைப் பற்றி ஒரு முடிவெடுக்கிறான். போர் அந்த முடிவின் பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்கிறது. ஆகவே உங்கள் தாத்தாவைப் புரிந்துகொள்ள டெல்லியிலும் பம்பாயிலும் நடந்ததைவிட, 1942இல் குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்கு விழுந்தது. சென்னை மாகாணம் பல காலமாகவே பர்மா அரிசியை நம்பியிருந்தது. அந்தக் கப்பல்கள் அன்றோடு நின்றன. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை நகரமே காலியாகி, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு வேலூர்ப் பக்கமும் சேலம் பக்கமும் உறவினர் வீடுகளைத் தேடி வந்தார்கள். அரிசி விலை ஏறியது. நெசவாளர்களை அதைவிட வதைத்தது நூல் விலை. ஆலைகள் இராணுவத்துக்குத் துணி கொடுப்பதில் முனைந்திருக்க, கைத்தறிக்கு வர வேண்டிய நூல் பதுக்கலுக்கும் கள்ளச் சந்தைக்கும் போனது. அரசாங்கம் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை போட்டதே 1943 ஜூனில்தான். அதற்கு முந்தைய மாதங்களில் பாவு ஓடாமல், குழியில் கால் வைக்க வேலை இல்லாமல் தறிகள் சும்மா நின்ற வீடுகள் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் பத்தொன்பது வயதுப் பையன் சம்பாதிக்கும் கையாக இருந்த நிலை போய், சாப்பிடும் வாயாக மாறிவிடுகிறான். அவனை யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சோற்றுப் பானையை அம்மா சுரண்டும் சத்தமே போதும்.

பட்டாளம் மூன்று வேளை உணவும், உடுப்பும், பூட்சும், மாதச் சம்பளமும் தந்தது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு மாதாமாதம் நேராக அனுப்பிவைக்கும் ஏற்பாடும் இருந்தது. அந்த மணியார்டரைச் சற்று நினைத்துப் பாருங்கள். அதுவரை மூலதனக்காரரிடம் நூலுக்காகக் காத்து நின்ற தகப்பனாரின் பெயரைச் சொல்லித் தபால்காரர் தெருவில் கூப்பிடுகிறார். பக்கத்து வீட்டார் பார்க்க, அவர் திண்ணையில் உட்கார்ந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, எண்ணிக் கொடுத்த நோட்டுகளை வாங்கி மடியில் முடிந்துகொள்கிறார். வீட்டில் சொல்லாமல் போன பிள்ளையை வைதுகொண்டிருந்த தகப்பனார், அந்த முதல் மணியார்டர் வந்த பிறகு எத்தனை நாள் வைதிருப்பார்? அந்தக் காலத்தில் சிப்பாய்களின் கடிதங்களை இராணுவத் தணிக்கையாளர்கள் பிரித்துப் படித்து, அவற்றின் சாரத்தை மேலிடத்துக்கு அறிக்கையாக அனுப்பி வந்தார்கள். அவற்றில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மீதான பற்றைவிட, ஊரில் தானியம் என்ன விலை, அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா, நிலத் தகராறு என்ன ஆயிற்று என்ற கவலைகளே மேலோங்கி நிற்கின்றன.

இருந்தாலும் பசி ஒன்றே காரணம் என்று முடித்துவிட முடியாது. தறி நின்ற வீடுகள் உங்கள் தெருவில் பல இருந்திருக்கும். எல்லா வீட்டிலிருந்தும் ஒருவர் பட்டாளத்துக்குப் போகவில்லையே. பசி எல்லாருக்கும் பொதுவாக இருக்க, போனவர்கள் யார் என்று தேடினால், ஏற்கெனவே போய்வந்த ஒரு மாமனோ பெரியப்பனோ உள்ளவர்கள், அண்ணனுக்கு அடுத்துப் பிறந்து வீட்டுப் பொறுப்பில் இடமில்லாதவர்கள், அப்பாவோடு சண்டை போட்டவர்கள், நண்பன் போகிறான் என்பதால் போனவர்கள் என்று ஒரு கூட்டம் தெரியவரும். வட ஆற்காடு ஜில்லாவுக்கு இதில் பழைய தொடர்பு உண்டு. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள். 1914 முதல் 1919 வரை நடந்த போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று பொறித்த சிறிய கல்வெட்டுகளை நம் கிராமங்கள் பலவற்றில் இன்றும் பார்க்கலாம். அந்தக் கல்லைத் தொட்டு விளையாடி வளர்ந்த பையனுக்குப் பட்டாளம் அந்நிய இடமாகத் தோன்றாது. அது அவன் ஊரிலிருந்து போகும் பாதைகளில் ஒன்று.

இந்த விஷயத்தில் நம் ஊர் தனி அல்ல. 1914 ஆகஸ்டில் இங்கிலாந்து போரில் இறங்கியபோது அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. போர் அமைச்சர் கிச்சனர் பிரபு தொண்டர்களை அழைத்தார். கொடியும் பாட்டுமாக முதல் நாளிலேயே எல்லாரும் ஓடினார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் கூட்டம் உச்சத்தைத் தொட்டது ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, பெல்ஜியத்தில் மான்ஸ் என்னும் இடத்திலிருந்து தங்கள் படை பின்வாங்குகிறது என்ற கெட்ட செய்தி வந்த பிறகு. செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் 33,204 பேர் சேர்ந்தார்கள். அப்போது லங்காஷயரின் பருத்தி ஆலைகளிலும் வேலை குறைந்து கிடந்தது. அங்கே அக்ரிங்டன் என்னும் ஆலை நகரத்திலும் சுற்று ஊர்களிலும் ஆயிரம் பேர் கொண்ட ஒரு பட்டாலியனைப் பத்தே நாளில் திரட்டினார்கள். ஒரே தெரு, ஒரே ஆலை, ஒரே கால்பந்துக் குழுவைச் சேர்ந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாகவே வைத்திருப்போம் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. 1916 ஜூலை 1 காலை, பிரான்சில் செர் என்னும் கிராமத்தின் முன்னால், அவர்களில் தாக்குதலுக்குப் போன சுமார் 720 பேரில் 584 பேர் அரை மணி நேரத்துக்குள் மாண்டும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். அந்த நகரத்தில் சில தெருக்களில் துக்கத்துக்காகத் திரை போடாத ஜன்னலே இல்லை என்னும்படி ஆயிற்று. சேர்ந்த அன்று அவர்களில் பலரும் யோசித்தது பக்கத்துத் தறிக்காரன் போகும்போது தான் மட்டும் எப்படி நிற்பது என்பதைத்தான்.

உங்கள் தாத்தாவுக்கு வருவோம். வேலூரில் ஆளெடுப்பு நடந்த இடத்தில் உயரம் அளந்திருப்பார்கள். மூச்சை அடக்கி ஒருமுறை, விட்டு ஒருமுறை மார்பைச் சுற்றி நாடா போட்டிருப்பார்கள். பல்லையும் கண்ணையும் பார்த்து, எடை போட்டிருப்பார்கள். அந்த ஆண்டுகளில் வந்தவர்களில் நிறையப் பேர் எடை குறைந்தவர்கள். இராணுவம் தன் அளவுகோலைத் தளர்த்திக்கொண்டு அவர்களை எடுத்தது. சில மாதம் பட்டாளச் சாப்பாடு சாப்பிட்டதிலேயே அவர்கள் எடை கூடினார்கள். அதற்கு முன்பு தென்னாட்டு ஆட்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார்கள். 'போர்க்குணம் உள்ள சாதிகள்' என்று பஞ்சாபியரையும் கூர்க்காக்களையும் பட்டாணியரையும் பட்டியலிட்டு, மெட்ராஸ் காலாட்படையை 1920களிலேயே கலைத்துவிட்டார்கள். சாப்பர்கள் எனப்படும் பொறியாளர் படை மட்டும் தங்கியது. அதில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமாக இருந்தார்கள்; ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெருவுக்கு அவர்கள் பூட்சோடு திரும்பி வந்தார்கள் என்பதை, மனிதர் ஏன் பட்டாளத்துக்குப் போகிறார்கள் என்று கேட்கிற எவரும் மறந்துவிடக் கூடாது. 1939இல் சுமார் இரண்டு லட்சம் பேர் இருந்த இந்திய இராணுவம் 1945இல் இருபத்தைந்து லட்சத்தை எட்டியபோது, லாரி ஓட்டவும் ரோடு போடவும் ஒயர்லெஸ் இயக்கவும் ஆள் வேண்டியிருந்தது. பழைய சித்தாந்தம் மூலைக்குப் போனது. மெட்ராஸ் ரெஜிமென்ட் 1941இல் மறுபடி உருவாக்கப்பட்டது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை, படைக்கு உணவும் சரக்கும் கொண்டு சேர்க்கும் பிரிவான ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸில் டிரைவரானார். மோட்டார் வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம் என்ற காலத்தில், சம்பளமும் கொடுத்து அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க வேறு எந்த இடம் அவருக்கு இருந்தது? பிற்பாடு வாழ்நாள் முழுவதும் அவர் ஓட்டிய பேருந்து, அன்று அவர் போட்ட கணக்கு தப்பவில்லை என்பதைக் காட்டுகிறது.

அரசியல் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்திருக்கும். ஆனால் அன்றைய சென்னை மாகாணத்தில் அரசியல் ஒரே குரலில் பேசவில்லை. ராஜாஜி ஆகஸ்டுப் போராட்டத்தை ஏற்கவில்லை. பெரியார் தலைமையிலிருந்த நீதிக்கட்சி போர் முயற்சியை ஆதரித்தது. சோவியத் யூனியன் தாக்கப்பட்ட பிறகு கம்யூனிஸ்டுகள் இதை மக்கள் யுத்தம் என்றார்கள். அம்பேத்கர் 1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன் இந்தக் குரல்களில் எதைக் கேட்டான் என்பதைவிட, பாடப்புத்தகம் காட்டுவதுபோல நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று அன்று யாருக்கும் பிரித்துத் தரப்பட்டிருக்கவில்லை என்பதை உங்கள் மகன் அறிந்துகொள்வது முக்கியம்.

ஒன்றை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். இந்திய இராணுவத்தில் அன்று யாரையும் சட்டம் போட்டு இழுக்கவில்லை என்பதும், உலகத்திலேயே தொண்டர்களால் ஆன மிகப் பெரிய படை அது என்பதும் பெருமையாகச் சொல்லப்படுகின்றன. இரண்டும் உண்மை. ஆனால் அரிசியும் நூலும் இல்லாத வீட்டிலிருந்து வந்து போட்ட கையெழுத்தை முழு மனத்தோடு போட்ட கையெழுத்து என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு தேசத்தைக் கேட்காமலே போரில் இறக்கிய அரசாங்கம், அந்தப் போரால் வந்த பஞ்சத்தைக் கொண்டே தன் படைக்கு ஆள் சேர்த்துக்கொண்டது. அந்தப் பழி அரசாங்கத்தைச் சேர்ந்தது. அதைக் கையெழுத்துப் போட்ட பையனின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

கூடத்துப் படத்தில் இருப்பவரையும் இதே கண்ணோடு பாருங்கள். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பொறுப்பை ஏற்றபோது, மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கங்காணியிடம் ஏச்சும் அடியும் வாங்கியவர்களைப் பார்த்து ஒரு தலைவர் 'நீங்கள் ஒரு தேசத்தின் வீரர்கள்' என்றார். அந்தச் சொல் அவர்களை எழுப்பியது உண்மை. பெண்களும் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி எடுத்தார்கள். அதே சமயம், ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலையும் சோறும் அற்றுப்போயிருந்தன. சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டத் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். நேதாஜியின் படையில் சேர்ந்தவனை அந்த வேலைக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இதைச் சொல்வதால் அவருடைய தியாகம் ஒரு துளியும் குறைந்துவிடாது. அவருக்கும் ஒரு வீடும் வயிறும் பயமும் மானமும் இருந்தன. உங்கள் தாத்தா மலாயாவுக்குக் கப்பலேறி, அவர் குடியாத்தத்தில் தங்கியிருந்தால், இருவரும் அடுத்தவரின் உடுப்பைப் போட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

அதட்டிக்கூடப் பேசாத மனிதர் எப்படிப் போரில் இருந்தார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேர்வதற்கான காரணம் வேறு, சேர்ந்த பிறகு நிலைத்து நிற்பதற்கான காரணம் வேறு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற சமூகவியலாளரைக் கொண்டு தன் சிப்பாய்களிடம் விரிவாக விசாரித்தது. எது உங்களைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது என்ற கேள்விக்கு, கொள்கையையும் எதிரி மீதான வெறுப்பையும் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், கூட இருப்பவனைக் கைவிடக் கூடாது என்ற பதில்களே முன்னால் நின்றன. உங்கள் தாத்தாவின் வேலை திமாப்பூர்–இம்பால் சாலையில் இருந்திருக்கக்கூடும். பர்மா முனைக்கு அரிசியும் குண்டும் போன முக்கிய வழி அது. 1944 மார்ச் இறுதியில் ஜப்பானியர் அதைத் துண்டித்தார்கள். ஜூன் 22 அன்று 109ஆம் மைல்கல் அருகே இரு பக்கத்துப் படைகளும் சந்தித்த பிறகுதான் வழி திறந்தது. மழையில் சரியும் மலை விளிம்பில், விளக்கை மூடிக்கொண்டு, முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தை மட்டும் பார்த்து ஓட்டுகிறவனுக்கு, தான் நின்றால் பின்னால் வரும் வரிசை முழுவதும் நின்றுவிடும் என்பது ஒன்றே போதுமான காரணம். அமைதியான மனிதர்கள் இத்தகைய வேலையை மிக நன்றாகச் செய்தார்கள். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே மெட்ராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், காலடியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தாமே விழுந்து தம் ஆட்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அதற்காகப் பிரிட்டனின் உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. பக்கத்தில் நின்ற நாலைந்து பேருக்காகவே அவர் அதைச் செய்தார்.

உங்கள் தாத்தா வாய் திறக்காததற்குக் கண்ட கோரம் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்க ஆளில்லாததும் இன்னொரு காரணம். போருக்காக எடுக்கப்பட்டு 1946இல் விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் பெறும் அளவுக்குச் சேவைக் காலம் இல்லை. சுதந்திரம் வந்ததும் நேதாஜியின் படையினரை நாடு கொண்டாடியது. அது அவர்களுக்கு உரியதே. மற்றப் படையிலிருந்து வந்தவர் எந்த மேடையில் என்ன சொல்லியிருப்பார்? அந்தப் போரில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள் சுமார் 87,000 பேர். பர்மாவில் தவுக்கியான் என்னும் இடத்திலுள்ள ரங்கூன் நினைவகத்தில், கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்கள் மட்டுமே ஏறக்குறைய 27,000 இருக்கின்றன. அவற்றில் தமிழ்ப் பெயர்களும் இருக்கின்றன.

மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆம், அவர் வெள்ளைக்கார அரசாங்கத்தின் படையில்தான் இருந்தார். அந்தப் போரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டைக் காப்பாற்றவும் ஒரு தொழிலைக் கற்கவும் தனக்கு முன் திறந்திருந்த ஒரே கதவில் நுழைந்தார். அதன் பிறகும் அவன் தாத்தாவைக் குறை சொன்னால், சொல்லட்டும். அது அவன் உரிமை. ஆனால் அதற்கு முன்பு அந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை அவனே உட்கார்ந்து படிக்கட்டும். எண், தகப்பனார் பெயர், தாலுகா, தொழில், உயரம், அங்க அடையாளம், சேர்ந்த நாள், சேவை செய்த இடம், நடத்தை என்று அதில் இருப்பவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் பெயரையும் குறிப்பிட்டு, பெங்களூரில் உள்ள ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸின் ஆவண அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முகவரி தருவார்கள். நகலை மட்டும் அனுப்புங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம். புத்தகத்தை லாமினேஷன் செய்யாமல், வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்தால் அதன் மேலுள்ள எழுத்தும் உருவமும் தேய்ந்துபோகும்.

தாத்தாவின் தங்கையோ, அதே தெருவில் வளர்ந்த முதியவர் எவரோ இன்னும் இருந்தால், இந்த மாதமே போய்ப் பாருங்கள். ஏன் போனார் என்று கேட்டால் 'கஷ்ட காலம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அன்று வேலூருக்கு அவரோடு யார் யார் போனார்கள், முதல் மணியார்டர் எப்போது வந்தது, அந்தப் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்று கேளுங்கள்.